ஏழாவது கட்டம்

மனித குலம் இதுவரை நடத்திய தேர்தல்களில் முழுக்க முழுக்க நேர்மையானது ஒன்றே ஒன்றுதான் என்றும், அது அறிவியல் கதை, மாயக் கதை, திகில் கதை ஆகியவற்றுக்கு வாசகர்களே ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் தேசிய விருதுத் தேர்தல்தான் என்றும், அதில் போய் ஒரு ஓட்டுக் கேட்கிறவன் எழுத்தாளனே அல்ல என்றும் பல்செட்காரர் அறிவித்தபோது, அவருடைய மனைவி அவர் காலடியில் குனிந்து தரையை அளந்துகொண்டிருந்தாள்.

“காலைக் கொஞ்சம் தூக்குங்க,” என்றாள்.

தூக்கினார். அளவு டேப் நாற்காலிக்கு அடியில் புகுந்து எதிர்ச் சுவரைத் தொட்டது.

“ஆறடி நாலங்குலம். அப்பாவோட கட்டில் ஆறடி ரெண்டு. கச்சிதமா உக்காந்துரும்.”

“நான் தேர்தல் நேர்மையைப் பத்திப் பேசிட்டிருக்கேன்.”

“பேசுங்க, நான் வேணாம்னா சொன்னேன்? இந்தக் கதவுதான் உள்பக்கமா தெறக்குது. அது இடிக்கும்.”

பல்செட்காரருக்கு வயது நாற்பத்தாறு. பல் மருத்துவர்கள் அனுப்பிவைக்கும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, அதைப் பல்செட்டாக மாற்றித் தருவது தொழில். பகல் முழுவதும் அடுத்தவர்களின் ஈறுகளோடு வாழ்ந்தார். காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை மட்டும் இந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து திகில் நாவல் எழுதினார். பதினோரு வருடங்களில் நான்கு நாவல்கள். ஒவ்வொன்றும் முந்நூறு பிரதி அச்சாகியிருந்தது. அவற்றில் ஏறக்குறைய பாதி, பயமுறுத்த ஆளில்லாமல், அதே அறையில் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன.

அறைக்கு இப்போது போட்டி வந்துவிட்டது. போட்டியாளர் மாமனார். நாற்பது வருடம் கணக்கு வாத்தியாராகவும், கடைசியில் தலைமை ஆசிரியராகவும் இருந்து ஓய்வுபெற்றவர். ஏழு மாதமாக ஹால் சோபாவில் படுத்துக்கொண்டிருந்தார். சோபாவின் நீளம் ஐந்தடி. அவருடைய நீளம் ஐந்தடி பத்தங்குலம். மிச்சமிருந்த பத்தங்குலமும் ஒரு ஸ்டூலில் தனியாகப் படுத்தது. முட்டிவலி என்று அவர் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. எழுந்திருக்கும்போது முட்டியே சொல்லிவிடும்.

இந்த நிலையில்தான் விருதுத் தேர்தலை நடத்தும் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பல்செட்காரரின் நான்காவது நாவலான ‘கிணற்றுக்குள் ஒரு இருமல்’ தேசிய விருதின் திகில் பிரிவில் இறுதிப் பட்டியலுக்கு வந்திருக்கிறது. மொத்தம் ஆறு நாவல்கள். மூன்று வாரம் ஓட்டுப் பதிவு.

மனைவி டேப்பைச் சுருட்டினாள். “சரி, ஒரு முடிவுக்கு வருவோம். நீங்க ஜெயிச்சா, இது எழுத்தாளர் அறை. நான் அப்பாவுக்கு வேற வழி பாக்கறேன். வேற யாராவது ஜெயிச்சா, புத்தகமெல்லாம் பரணுக்கு, கட்டில் இங்க. பேச்சு மாறக்கூடாது.”

“அஞ்சு மணிக்கு எங்க உக்காந்து எழுதறது?”

“சமையல் மேடை காலியாத்தான் இருக்கும்.”

பாதி எழுதிய ஐந்தாவது நாவல் மேசைமேல் கிடந்தது. அதைச் சமையல் மேடையில் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் மனதுக்குள் வைத்துப் பார்த்தார். அதிலிருந்த பேயே கூச்சப்படும் என்று தோன்றியது.

“சம்மதம்,” என்றார் கம்பீரமாக. “வாசகர்கள் தீர்ப்புக்கு நான் கட்டுப்பட்டவன்.”

“எத்தனை வாசகர்?”

“நாடு முழுக்க.”

“அதான் எத்தனை?”

“போன வருஷம் திகில் பிரிவுல நாப்பத்தி மூணு.”

“நாப்பத்தி மூணு ஆயிரமா?”

“பேர்.”

மனைவி சற்று நேரம் பேசவில்லை. ஒரு தேசத்துக்காக அவள் அப்படி மௌனம் காத்தது அதுவே முதல் தடவை.

“ஜெயிச்சது யாரு?”

“யாரும் இல்ல.”

“யாரோ ஜெயிச்சிருக்கணுமே?”

விளக்க வேண்டியதாயிற்று. ஓட்டுச் சீட்டில் ஆறு நாவல்களுக்கும் கீழே ஏழாவதாக ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘யாருக்கும் வேண்டாம்’ என்று அச்சடித்திருக்கும். எந்த நாவலும் விருதுக்கு லாயக்கில்லை என்று நினைக்கிற வாசகர் அதற்கு முதலிடம் கொடுக்கலாம். அதுவே அதிக ஓட்டு வாங்கினால் அந்த வருடம் விருது கிடையாது. திகில் பிரிவில் மூன்று வருடமாக அதுதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. போன வருடம் இருபத்தோரு ஓட்டு. அந்த வகையில் பார்த்தால் நாட்டிலேயே அதிகம் விருது பெற்ற திகில் எழுத்தாளர் ‘யாருக்கும் வேண்டாம்’தான்.

அந்தக் கட்டத்தின்மேல் பல்செட்காரருக்குத் தீராத பகை. சங்கத்தின் மாதப் பத்திரிகையில் அதைப் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதியிருந்தார். ‘ஏழாவது கட்டத்தில் ஒன்று போடுகிறவன், அடுத்தவன் கல்யாணத்துக்குப் போய், மாப்பிள்ளையே வேண்டாம் என்று மொய்க் கவரில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவன்’ என்று அவர் எழுதிய வரி சங்கத்தில் பிரபலம். பாராட்டி இரண்டு கடிதங்கள் வந்தன. அதில் ஒன்று அவர் எழுதியதல்ல.

“சரி, நான் நம்ம ஆளுங்களைச் சேத்துவிடறேன்,” என்றாள் மனைவி. “சங்கத்துல சேர ஒரு ஃபாரம்தானே?”

“நான் யாரையும் கேக்க மாட்டேன்.”

“நீங்க கேக்க வேணாம். நான் கேக்கறேன்.”

“எனக்குத் தெரியாது.”

“தெரிய வேணாம். அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க.”

அவர் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். மனசாட்சிக்கும் அந்தத் திசை சௌகரியமாக இருந்தது. இரண்டு நாளில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். மனைவி, மாமனார், மனைவியின் தங்கை, தங்கையின் கணவர், மாடி வீட்டுத் தம்பதி, மாமனாரோடு நடைப்பயிற்சிக்குப் போகும் மூன்று பெரியவர்கள். அத்தனை பேருக்கும் மாமனாரே தன் போனில் கணக்குத் திறந்து கொடுத்தார். ஒன்பதுக்கும் ஒரே கடவுச்சொல். பிறகு மறந்துவிட்டால் யார் அலைவது?

ஓட்டுப் பதிவு தொடங்கிய அன்று சாயங்காலம் ஹாலில் ஒரே சுறுசுறுப்பு. பல்செட்காரர் ஒழுக்கத்தைக் காப்பாற்றும் பொருட்டு அறைக்குள் இருந்தார். காது கேட்கும் பொருட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

கால் மணி நேரத்தில் மனைவி பூரித்துப்போய் உள்ளே வந்தாள். “போட்டாச்சு. ஒன்பது பேரும். உங்களுக்கு ஏழு!”

“ஏழா?”

“ஏழுக்கு ஏழு. கட்டத்துல ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் போடச் சொல்லியிருந்துச்சு. முழு மார்க்கும் மாப்பிள்ளைக்கேன்னு அப்பா சொல்லிட்டார்.”

பல்செட்காரர் நாற்காலியைத் திருப்பினார். “அப்ப... ஒண்ணு யாருக்கு?”

“அதான் கடைசியா ஒருத்தர் இருக்காரே, யாருக்கும் வேண்டாம்னு. அவருக்குத்தான் ஒண்ணு. பேரே அப்படி இருக்கே, அவருக்குப் போய் எதுக்கு மார்க்கை அள்ளி விடணும்?”

அந்தத் தேர்தலில் ஒன்று என்பது முதலிடம். ஏழு என்பது கடைசி இடம். அதாவது, அவருடைய சொந்தக் குடும்பம் கூடி உட்கார்ந்து, டீ குடித்து, ஒருவர்கூடப் பிசகாமல், விருதே வேண்டாம் என்றும், அப்படியே கொடுத்துத் தொலைத்தாலும் இவருக்கு மட்டும் வேண்டாம் என்றும் தீர்ப்பளித்திருந்தது.

தப்பைத் திருத்தலாம். மூன்றாவது வார வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஓட்டுப் பதிவு முடிகிற வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் கணக்கு. ஆனால் எனக்கு மாற்றிப் போடுங்கள் என்று சொன்னால் அது ஓட்டுக் கேட்பதாகிவிடும். இரவெல்லாம் யோசித்து, மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்த மாமனாரிடம் பேச்சு வாக்கில் ஆரம்பித்தார்.

“மாமா, பொதுவா ஒரு விஷயம். இந்தத் தேர்தல்ல நம்பர்ங்கிறது மார்க் இல்ல. ரேங்க்.”

மாமனார் வாயைக் கொப்பளித்தார். “அப்ப ஒண்ணு வாங்கினவன்தான் ஃபர்ஸ்டா?”

“நான் எதையும் கேக்கல. பொது அறிவுக்காகச் சொல்றேன்.”

“அடக் கடவுளே. உங்களைக் கடைசி பெஞ்சுல உக்கார வெச்சுட்டேனா? இருங்க, இப்பவே ஒன்பதையும் மாத்தி உங்களுக்கு ஒண்ணு போட்டுடறேன்.” கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

அந்த இடத்தில் பல்செட்காரர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் காரியம் கைகூடுகிற நேரத்தில்தான் அவருக்குள் இருக்கும் கட்டுரையாளர் விழித்துக்கொள்வார்.

“அவசரம் வேணாம் மாமா. ஆறையும் படிக்காம ஓட்டுப் போடறது குத்தம்னு நானே சங்கப் பத்திரிகையில எழுதியிருக்கேன்.”

மாமனாரின் விரல் போன்மேல் நின்றது. முகத்தில் பழைய தலைமை ஆசிரியர்க் களை வந்தது.

“நியாயம். பேப்பரைப் பாக்காம மார்க் போடற வாத்தியார நான் வேலையை விட்டே தூக்கியிருக்கேன். படிச்சுட்டே போடறேன்.”

ஓட்டாளர்களுக்கு ஆறு நாவல்களையும் சங்கமே போனுக்கு அனுப்பிவைக்கும். மாமனார் சோபாவில் சாய்ந்து, கால்களை ஸ்டூலுக்கு அனுப்பிவிட்டு, பூதக்கண்ணாடியோடு படிக்கத் தொடங்கினார். பக்கத்தில் ஒரு நோட்டு, ஒரு சிவப்புப் பேனா. இரண்டரை வாரம் வீட்டில் டி.வி. போடவில்லை. அவ்வப்போது ஹாலில் இருந்து ‘ம்ஹூம்’ என்று ஒரு சத்தம் வரும். அது தன்னுடைய நாவலா, அடுத்தவனுடையதா என்று தெரியாமல் பல்செட்காரர் அறைக்குள் பேனாவைக் கடிப்பார்.

முடிவுக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, மாமனார் அவரைக் கூப்பிட்டார்.

“உக்காருங்க மாப்பிள்ளை. தப்பா நினைக்கக் கூடாது.”

தப்பாக நினைப்பதற்குத் தயாராக உட்கார்ந்தார்.

“உங்க இருமல் கதைக்கு அம்பத்தெட்டு போட்டிருக்கேன். பாஸ்தான். கையெழுத்து மாதிரி உங்க நடை அழகா இருக்கு. ஆனா அந்தக் கிணத்துக்குள்ள எதுக்கு இருமுதுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?”

“சொல்லாம விட்டதுதான் மாமா திகில்.”

“அப்படியா? நான் சளின்னு நினைச்சேன்.”

பல்செட்காரர் நோட்டை எட்டிப் பார்த்தார். எண்பத்தொன்று என்ற எண்ணுக்குச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தது.

“அது யாரு?”

“‘மயக்க மருந்து தீரும்வரை’. யாரோ ஒரு பல் டாக்டரம்மா. படிச்சு முடிச்சதும் எனக்கு இல்லாத பல்லெல்லாம் கூசுச்சு மாப்பிள்ளை. நடைக்கு வர்ற மூணு பேருக்கும் கதையச் சொன்னேன். ஒருத்தர் பாதியிலேயே வீட்டுக்குப் போயிட்டார்.” குரலைத் தாழ்த்தினார். “நீங்க எழுதின கட்டுரையப் படிச்சேன். மனசாட்சிப்படிதான் போடணும்னு எழுதியிருக்கீங்க. அதனால எல்லாரையும் போன்ல கேட்டு, ஒன்பதையும் அந்தம்மாவுக்கே மாத்திட்டேன். உங்களுக்குப் பெருமையா இருக்கும்னு தெரியும்.”

“ரொம்ப,” என்றார் பல்செட்காரர்.

அந்த டாக்டரம்மா யாரோ அல்ல. பல்செட்காரரின் பட்டறைக்கு மாதம் முப்பது பல்செட் ஆர்டர் கொடுப்பவரே அவர்தான். வியாழக்கிழமை காலை, ஒரு கீழ்த்தாடைப் பல்செட்டை அளவு பார்க்க எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். வரவேற்பு மேசைக்கு மேலே பெரிய எழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: ‘உங்கள் பல் மருத்துவரின் நாவல் தேசிய விருதுப் பட்டியலில்! ஒன்று போடுங்கள்!’

ஒன்று என்று சரியாகவே எழுதியிருந்தது அவரை மிகவும் புண்படுத்தியது.

உள்ளே ஒரு நோயாளி நாற்காலியில் சாய்ந்து வாயை அகலத் திறந்திருந்தார். டாக்டரம்மா கண்ணாடியும் குறடுமாக உள்ளே பார்த்துக்கொண்டே பேசினார்.

“வாங்க, வாங்க! உங்க இருமலைப் படிச்சேன். ரெண்டு நாள் குளிக்கவே பயந்தேன். அருமை!” நோயாளியிடம் திரும்பினார். “இவரும் பட்டியல்ல இருக்கார். ஆனா நீங்க எனக்குத்தானே போடுவீங்க?”

“ஆ ஆ,” என்றார் நோயாளி.

“பாத்தீங்களா? இருபத்திரெண்டாவது ஆள்.”

பல்செட்காரர் பல்செட் டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டார். “டாக்டர், இப்படி ஓட்டுக் கேக்கலாமா? அதுவும் வாய்க்குள்ள கொறடு இருக்கறப்ப?”

“வாய்க்குள்ள கொறடு இருக்கறப்பதான் யாரும் குறுக்க பேச மாட்டாங்க.” சிரித்தார். “நான் எனக்குத்தான் ஒண்ணு போட்டிருக்கேன். நானே எனக்குப் போடலைன்னா எப்படி? ரெண்டு உங்களுக்கு. எங்க வாசகர் வட்டத்துல இருக்கற அத்தனை பேர்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன், எனக்கு அப்புறம் இவர்தான்னு. நீங்க யாருக்குப் போட்டீங்க?”

“ஓட்டு ரகசியம்.”

“அப்ப எனக்கு இல்ல,” என்றார் டாக்டரம்மா, கொஞ்சமும் வருத்தமில்லாமல். “வாயை இன்னும் கொஞ்சம் தெறங்க.” பல்செட்காரர்தான் திறந்தார். பிறகு அது நோயாளிக்குச் சொன்னது என்று புரிந்து மூடிக்கொண்டார்.

பட்டறைக்குத் திரும்பியதும், அச்சு மாவு கலக்கும் கிண்ணத்தை ஓரம் தள்ளிவிட்டு, ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். டாக்டரம்மாவுக்குத் தலையாட்டிய நோயாளிகள் இருபத்திரண்டு. வாசகர் வட்டம் எப்படியும் எட்டு. ஆக முப்பது. அதற்கு மேல் மாமனார் கொடுத்த ஒன்பது. முப்பத்தொன்பது. தனக்கு? முகம் தெரியாத ஐந்தாறு பேர். அறை போய்விட்டது. மெழுகில் அடுக்கிய பதினாலு பற்கள் மேசையிலிருந்து அவரைப் பார்த்து இளித்தன.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதை அவர் பிற்காலத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றார்.

“சும்மா ஒரு சந்தேகம். நான் ஜெயிச்சா அறை எனக்கு. வேற யாராவது ஜெயிச்சா மாமாவுக்கு. யாருமே ஜெயிக்கலைன்னா?”

“யாருமே ஜெயிக்கலைன்னா நீங்க தோக்கலைதானே? இப்ப இருக்கற மாதிரியே இருந்துட்டுப் போகட்டும்.” ஒரு போர்வையின் இரண்டு முனையை அவர் கையில் கொடுத்தாள். “ஏன் கேக்கறீங்க?”

“சட்ட நுணுக்கம்,” என்று சொல்லி மடித்துக் கொடுத்தார்.

பிறகு ஹாலுக்குப் போனார். மாமனார் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைக் கண்டதும் வேட்டியை இழுத்து மூடிவிட்டு, வலியே இல்லாதவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார். பல்செட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மாமா, யோசிச்சுப் பாத்தேன். உங்க மொதல் கணக்கே சரின்னு தோணுது.”

“எந்தக் கணக்கு?”

“அந்த ஏழாவது கட்டத்துக்கு ஒண்ணு போட்டீங்களே, அது.”

“அது தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“தப்புதான். அந்தத் தப்பையே இன்னொரு தடவை பண்ணிடுங்க. ஒன்பதையும்.”

மாமனார் தைலப் பாட்டிலின் மூடியை மெதுவாகத் திருகினார். நாற்பது வருடம் பரீட்சை ஹாலில் பையன்களின் கண்ணைப் பார்த்துப் பழகியவர், இப்போதும் கண்ணைத்தான் பார்த்தார்.

“மாப்பிள்ளை, நீங்க என்கிட்ட ஓட்டுக் கேக்கறீங்களா?”

“எனக்காகக் கேக்கல மாமா. யாருக்கும் வேணாம்னுதான் கேக்கறேன்.”

“அந்த அறைக்காகவா?”

பல்செட்காரர் பதில் சொல்ல நினைத்தார். பதினோரு வருடமாக ஐந்து மணிக்கு எழுந்து உட்காரும் நாற்காலியைப் பற்றி ஏதாவது சொல்ல நினைத்தார். இருமினார்.

“கண்ணு ஏன் கலங்கியிருக்கு?”

“பட்டறை மாவு. தூசி.”

“ம்.” மாமனார் வெகுநேரம் தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, போங்க. நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாலை ஐந்தே முக்கால் மணிக்குப் பட்டறையில் பல்செட்காரர் மட்டும் இருந்தார். கணக்கை இன்னொரு தடவை போட்டார். ஏழாவது கட்டத்துக்கு வழக்கமான ஆட்கள் இருபத்தொன்று. மாமனாரின் ஒன்பது. முப்பது. டாக்டரம்மாவுக்கும் அதே முப்பது. சரிசமம். இந்த நாட்டில் இன்னும் ஓட்டுப் போடாத, தராசை இந்தப் பக்கம் சாய்க்கக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

அவர் குழாயடிக்குப் போனார். விரலிடுக்கில் காய்ந்திருந்த மாவைச் சோப்புப் போட்டுக் கழுவினார். துண்டில் துடைத்தார். நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, போனைத் திறந்தார். பட்டியலில் நான்காவதாக அவருடைய நாவல் இருந்தது. அதன்மேல் கட்டைவிரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பட்டியலைக் கீழே தள்ளினார். ஏழாவது கட்டம் வந்தது. ஒன்று போட்டார். வேறெந்தக் கட்டத்திலும் எதுவும் போடவில்லை. ‘உங்கள் வாக்கு பதிவாகிவிட்டது. நல்ல எழுத்தை ஆதரித்ததற்கு நன்றி’ என்று போன் சொன்னது. போனைத் துண்டுக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, இல்லாத அவசரத்தோடு ஒரு மேல்தாடைப் பல்செட்டை மெருகேற்ற ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். மனைவி ஸ்பீக்கரைப் போட்டாள். மாமனார் சோபாவிலிருந்து கால்களை இறக்கினார். இரண்டு முட்டிகளும் ஒவ்வொன்றாகச் சொடுக்கின.

“வணக்கம். முடிவு வந்துருச்சு,” என்றார் செயலாளர். துக்க வீட்டில் பேசுகிற குரல். “இந்த வருஷமும் ஏழாவது கட்டம்தான்.”

பல்செட்காரர் மூச்சு விட்டார். அறை தப்பித்தது. சுவர், மேசை, கூரை வரை அடுக்கிய இருமல்கள், எல்லாம் அவர் மனக்கண்ணில் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.

“வாசகர்கள் தீர்ப்பு,” என்றார் பெருந்தன்மையாக. “டாக்டரம்மாவுக்கு ஆறுதல் சொல்லிடுங்க. ரொம்பக் கிட்ட வந்திருப்பாங்களே?”

“அவங்களா? மொத்தமே ஆறு ஓட்டு. நடுவுலயே வெளிய போயிட்டாங்க.”

“ஆறா? கிளினிக்குல இருபத்திரெண்டு பேர் தலையாட்டினாங்களே?”

“தலையாட்டினவங்க யாரும் சங்கத்துல சேரவே இல்லையே. வாயை மூடினதும் மறந்திருப்பாங்க. ஆனா நல்ல மனுஷி. ஒவ்வொரு சுத்துலயும் கம்மியா வாங்கி வெளிய போறவங்க ஓட்டெல்லாம், சீட்டுல போட்டிருக்கற அடுத்த நம்பருக்கு மாறும்ல? அவங்களோட ஆறும் அப்படியே உங்களுக்கு வந்துச்சு.”

“எனக்கா?”

“கடைசிச் சுத்துல மோதினது நீங்களும் ஏழாவது கட்டமும்தான் சார். அதுக்கு இருபத்திரெண்டு. உங்க இருமலுக்கு இருபத்தொண்ணு. ஒரே ஒரு ஓட்டு.” செயலாளரின் குரல் உடைந்தது. “அந்தக் கட்டத்தை நீங்க எவ்வளவு எதிர்த்து எழுதினீங்க! எங்களுக்கெல்லாம் மனசே ஆறல.”

போன் அணைந்தது.

இருபத்திரண்டு. பல்செட்காரர் விரல் விட்டார். பழைய ஆட்கள் இருபத்தொன்று, தான் ஒன்று. ஆக இருபத்திரண்டு. அப்படியானால் மாமனாரின் ஒன்பது எங்கே போனது? முப்பத்தொன்று வரவேண்டுமே? திரும்பவும் எண்ணினார். விரல்கள் சரியாகத்தான் இருந்தன.

“போகட்டும் விடுங்க,” என்றாள் மனைவி, வழக்கத்தைவிட மெதுவாக. “அறை உங்களுக்குத்தான்.”

மாமனார் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

“அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்தப்புறம் எனக்கு மனசு கேக்கல, அறை உங்களுக்கே இருக்கட்டும்னு ஒன்பதையும் உங்களுக்கே மாத்திப் போட்டுட்டேன் மாப்பிள்ளை, அப்படியும் ஒரே ஓட்டுல உங்களைக் கவுத்த அந்தப் படுபாவி யாருன்னுதான் தெரியல.”